கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் வீக்கம்: அழகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறையவில்லையா?

கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை நீக்குவதற்காக அழகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் மூத்தோர் உண்டு. சிலர் இங்கேயே செய்துகொள்கிறார்கள். சிலர் வெளிநாட்டுக்குப் போயிருக்கும்போது செய்துகொண்டு திரும்புகிறார்கள். பல வாரங்கள் கழித்தும் முகம் உப்பியே இருந்தால் மனம் கலங்குவது இயல்பு. "இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பார்களே" என்ற கூச்சத்தில் பலர் பிள்ளைகளிடமும் சொல்வதில்லை, குடும்ப மருத்துவரிடமும் சொல்வதில்லை.

இந்த வீக்கம் பெரும்பாலும் காலப்போக்கில் குறைந்துவிடும். அவசரப்பட்டு இன்னோர் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், குறையாத வீக்கம் எல்லாமே அறுவை சிகிச்சையால் வந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. வேறு நோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அதனால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏன் வீங்குகிறது?

உடலிலேயே மிக மெல்லிய தோல் கண் இமையில்தான் உள்ளது. அங்கே கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் வெளியே தெரிந்துவிடும். அப்படிச் சேரும் நீரை நிணநீர்க் குழாய்கள் என்னும் நுண்ணிய குழாய்கள் வடித்துச் செல்கின்றன. அவை கண்ணின் வெளி ஓரம் வழியாகவும் கன்னம் வழியாகவும் சென்று, காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் உள்ள நிணநீர்க் கணுக்களைச் சேர்கின்றன.

அறுவை சிகிச்சையின்போது இந்தக் குழாய்களில் சில பாதிக்கப்படலாம். அவை சீராகும்வரை நீர் மெதுவாகவே வடியும். கன்ன எலும்பின்மீது உள்ள ஒரு மெல்லிய சவ்வு, நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும். அதனால்தான் கண்ணுக்குக் கீழே ஒரு மேடு போல வீக்கம் தங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே காலை வேளையில் கன்னம் உப்பும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு நாள் ஆகும்?

• முதல் 2, 3 நாள்களில் வீக்கம் மிக அதிகமாக இருக்கும்.
• சுமார் 2 வாரங்களில் கன்றிய நிறமும் வீக்கத்தின் பெரும்பகுதியும் குறையும்.
• எஞ்சிய இலேசான வீக்கம் வடியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். சிலருக்கு 6 மாதங்களுக்கு மேலும் நீடிப்பதுண்டு.

தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே சன்னல் ஓரத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருந்தால், அது பெரும்பாலும் நீர் தேங்கியதால் வந்த வீக்கம். நாள் முழுவதும் மாறாமல் ஒரே அளவில் இருந்தால் கொழுப்போ தோலின் தொய்வோ காரணமாக இருக்கலாம். அந்தப் படங்களை மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு அவை மிகவும் உதவும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• தலையை உயர்த்தித் தூங்குங்கள். இரண்டு தலையணைகள் வைத்து மல்லாந்து படுப்பது நல்லது. குப்புறப் படுக்க வேண்டாம்.
• முதல் சில நாள்கள் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். பனிக்கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 நிமிடம் வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள்.
• உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ், உடனடி நூடல்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். வெளியில் சாப்பிடும்போது சூப்பையும் குழம்பையும் முழுவதும் குடித்துவிடாதீர்கள்.
• கண்ணைக் கசக்காதீர்கள். அரிப்பு இருந்தால் மருத்துவரிடம் சொட்டு மருந்து கேளுங்கள்.
• புகைபிடிப்பதை நிறுத்துங்கள். அது காயம் ஆறுவதைத் தாமதமாக்கும்.

இலேசாக நீவிவிடுவதும் சிலருக்குப் பலன் தரும். ஆனால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அனுமதித்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். மோதிர விரலால், மூக்கின் ஓரத்திலிருந்து காதை நோக்கி, பிறகு காதின் முன்பக்கத்திலிருந்து கழுத்தை நோக்கி மெதுவாகத் தடவுங்கள். தோல் சற்றே நகர்ந்தால் போதும். எண்ணெய் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடிவிடும்.

காரணம் வேறாகவும் இருக்கலாம்

62 வயது மாது ஒருவர் கண் பை நீக்கும் சிகிச்சை செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதங்கள் ஆகியும் முகம் உப்பியே இருக்கிறது. சிகிச்சை சரியாகச் செய்யப்படவில்லை என்று அவர் நினைக்கிறார். உடல் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்க முடியாமை ஆகியவையும் அவருக்கு உள்ளன. அவற்றை வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறார். உண்மையில் இவை தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மாத்திரை மூலம் அதைக் கட்டுப்படுத்தவும் முடியும். அவர் சொல்லாமல் இருந்தால் மருத்துவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

பின்வரும் அறிகுறிகளையும் கவனியுங்கள்:

• சிறுநீரில் நுரை, காலிலும் வீக்கம்: சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.
• மூச்சுத் திணறல், கணுக்கால் வீக்கம்: இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.
• கண் முன்னே தள்ளிக்கொண்டு வருவது, பார்வை இரண்டாகத் தெரிவது: தைராய்டு சார்ந்த கண் நோயாக இருக்கலாம்.
• ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வீக்கம், பல் வலி: பல்லின் வேரில் கிருமித்தொற்று இருக்கலாம்.
• அரிப்பு, தும்மல், மூக்கடைப்பு: ஒவ்வாமையாக இருக்கலாம்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளும் காரணமாகலாம். ஸ்டீராய்டு மாத்திரைகள், சில வலி நிவாரணிகள், நீரிழிவுக்கான சில மாத்திரைகள் ஆகியவை உடலில் நீரைத் தேக்கும். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் தரக்கூடிய சிகிச்சைகள்

காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை அமையும். நீர் தேங்கியிருந்தால் சிலருக்குக் குறுகிய காலத்துக்கு மாத்திரை தரப்படலாம். பிடிவாதமான வீக்கத்துக்குச் சில நிபுணர்கள் அந்த இடத்திலேயே ஊசி போடுவார்கள்.

கன்னத்திலோ கண்ணுக்குக் கீழேயோ "ஃபில்லர்" என்னும் நிரப்பு ஊசி போட்டிருந்தால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அதைச் சொல்லுங்கள். ஹையலூரானிக் அமிலம் கலந்த ஃபில்லர் நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. அதுதான் காரணம் என்றால், ஹையலூரானிடேஸ் என்னும் மருந்தை ஊசியாகப் போட்டு அதைக் கரைக்கலாம்.

மறு அறுவை சிகிச்சை கடைசி வழி. புண் நன்றாக ஆறி, வீக்கம் ஒரு நிலைக்கு வரும்வரை பல மாதங்கள் காத்திருக்கும்படியே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். உடனே மீண்டும் வெட்டினால் எஞ்சியிருக்கும் நிணநீர்க் குழாய்களும் பாதிக்கப்படலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

• துணைவருக்கோ நண்பருக்கோ எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். இரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு குலைந்து மயக்கம் வரலாம், கீழே விழ நேரலாம்.
• இணையத்தில் விற்கப்படும், "உடனடிப் பலன்" என்று விளம்பரம் செய்யப்படும் கிரீம்களையும் மூலிகை மாத்திரைகளையும் வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, சுகாதார அறிவியல் ஆணையம் பொதுமக்களை எச்சரித்துள்ளது.
• வீட்டுக்கு வந்து ஊசி போடுவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவுசெய்த மருத்துவரிடம் மட்டுமே செல்லுங்கள்.

உடனே 995ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• கண்ணில் கடுமையான வலி, கண் வெளியே தள்ளுவது, பார்வை மங்குவது
• ஃபில்லர் ஊசிக்குப் பிறகு தோல் வெளுப்பது அல்லது ஊதா நிறத் திட்டுகள் தோன்றுவது, அதோடு வலி அல்லது பார்வை மாற்றம்
• உதடு, நாக்கு வீங்கி மூச்சுவிடச் சிரமப்படுவது

வீக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

1. என்ன சிகிச்சை, எப்போது, எந்த நாட்டில் செய்துகொண்டீர்கள்?
2. வீக்கம் காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? ஒரு பக்கமா, இரு பக்கமுமா?
3. இதற்கு முன் ஃபில்லர் ஊசி போட்டதுண்டா?
4. என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள்? நாட்டு மருந்தும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் சிகிச்சை பெற்றிருந்தால், அங்கே கொடுத்த காகிதங்களை எறிந்துவிடாதீர்கள். அவை வேறு மொழியில் இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் சொல்வதை மருத்துவரும் தாதியும் இரகசியமாக வைத்திருப்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் குடும்பத்தாரிடம் சொல்ல மாட்டார்கள். முகத்தைச் சீர்ப்படுத்த விரும்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அணுக முடியாவிட்டால், உங்கள் குடும்ப மருத்துவரையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.