வீடு எவ்வாறு நிற்கிறது? – இளஞ்சிறார்க்கு ஒரு பாடம்

வீட்டின் படம் வரையுமாறு கூறினால், குழந்தைகள் பெரும்பாலும் ஒரு சதுரத்தையும் அதன்மேல் ஒரு முக்கோணத்தையும் வரைவர். குஜராத்தின் கட்ச் பகுதியில் வாழும் குழந்தையோ ஒரு வட்டத்தை வரையக்கூடும். அங்கு ‘புங்கா’ எனப்படும் வீடு வட்டமான மண் சுவரும் கூம்பு வடிவப் புற்கூரையும் கொண்டது. 2001 ஜனவரி 26 அன்று காலை அப்பிரதேசத்தில் நேர்ந்த பூகம்பத்தில் புஜ், அஞ்சார், பச்சாவு நகரங்களில் கல் வீடுகள் பெருமளவில் இடிந்தன. செவ்வையாகக் கட்டப்பெற்ற புங்காக்களோ பெரும்பாலும் நின்றன. இதன் காரணத்தைச் சிறுவர் தாமே கண்டறியச் செய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தேவையான பொருள்கள்: காலித் தீப்பெட்டிகள் 24, ஒரு பலகை, உருண்டையான பென்சில்கள் 4, களிமண், ஈர்க்குகள், பழைய அட்டைகள். பென்சில்களின்மீது பலகையை வைத்து முன்னும் பின்னும் அசைத்தால், அதுவே பூகம்ப மேடையாகும்.

முதற் சோதனை: வரிசைக்கு 3 பெட்டிகளாக 4 வரிசைகள் அடுக்கி இரண்டு சுவர்கள் எழுப்புக. ஒன்றில் இணைப்புகள் நேர்மேலாக அமையட்டும்; மற்றொன்றில் கீழ்வரிசையின் இணைப்பை மேல்வரிசைப் பெட்டி மூடட்டும். பலகையை அசைத்தால் முதற்சுவர் தனித்தனித் தூண்களாகப் பிரிந்து விழும். இரண்டாவது சுவர் ஒன்றையொன்று பற்றி நிற்கும். கொத்தனார் செங்கல்லை மாற்றி மாற்றி வைப்பதன் பொருள் இதுவே.

இரண்டாம் சோதனை: 4 ஈர்க்குகளைக் களிமண்ணில் நட்டு, மேலே அட்டைக் கூரை பொருத்துக. பின்பு கூரையின்மேல் களிமண் உருண்டையை ஒட்டி மீண்டும் அசைக்குக. பாரம் மிகுந்தால் ஆட்டமும் மிகும். வண்டி திடீரெனக் கிளம்பும்போது நிற்பவர் பின்னோக்கிச் சாய்வதை இங்கு நினைவூட்டலாம். அஸ்ஸாமில் 1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெரும் பூகம்பத்தில் கல் கட்டடங்கள் இடிந்தன. அதன்பின் மரச்சட்டம், நாணலின்மீது மண் பூசிய சுவர், இலேசான தகரக் கூரை ஆகியவற்றைக் கொண்ட ‘அஸ்ஸாம் வகை’ வீடுகள் அங்கே பரவின.

மூன்றாம் சோதனை: நீண்ட அட்டைத் துண்டொன்றை விளிம்பில் நிறுத்தினால் அது விழும். அதனையே வளைத்து முனைகளை ஒட்டினால் நிற்கும். சதுர வீட்டில் சுவர்கள் மூலைகளில் பிரிந்து விலகக்கூடும்; வட்டத்திற்கு மூலையே இல்லை. ஆதலின் சதுர வீடுகளில் கதவு, சன்னல்களுக்கு மேலே நான்கு சுவர்களையும் சுற்றி இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை அமைத்தல் அவசியம்.

மண் வீடு எல்லாம் உறுதியானது என்றோ, கல் வீடு எல்லாம் தீயது என்றோ சிறுவர் முடிவு செய்துவிடாதபடி ஆசிரியர் காத்தல் வேண்டும். 2001-இல் மண் சாந்தில் கல்லடுக்கிய வீடுகளும் ஏராளமாக விழுந்தன. பொருளைவிடப் பிணைப்பே முக்கியம். குழந்தைகளை அச்சுறுத்துதலும் கூடாது. நிலம் அசைந்தால் உறுதியான மேசையின்கீழ் ஒடுங்கித் தலையைக் காத்துக்கொள்வதை விளையாட்டாகவே பயிற்றலாம்.

இறுதியில், அவரவர் வீட்டுச் சுவரில் இணைப்புகள் எவ்வாறு உள்ளன, கூரை எதனால் ஆனது, சுற்றுப்பட்டை உண்டா என்னும் மூன்றையும் பார்த்துவரப் பணிக்குக. கிராமத்தில் புது வீடு எழும் இடங்களில் கள ஊழியரும் இவற்றையே வினவுதல் நன்று. சுவர் எழும்பும் காலத்தில் கேட்கப்படும் அக்கேள்வி ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கக்கூடும்.