பெயர் இல்லாதவர்களைத் தேடுங்கள்

அமெரிக்காவின் பழைய மாளிகைகளிலும் ஆவணக் காப்பகங்களிலும் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளே, இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. மான்டிசெல்லோ மாளிகையில், முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் கட்டடக் கலையைச் சொல்லும்போதே, அவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்ததையும் சொல்லுங்கள். அங்கிருந்த ஆணிப் பட்டறையில் உழைத்தவர்கள் 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள். கேட்பவர் முகம் சுளிக்கலாம். குரலைத் தாழ்த்தாதீர்கள்.

2. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் பெயர்கள் முறையாக ஏறியது 1870-இல்தான். ஆகவே உயில்கள், விற்பனைப் பத்திரங்கள், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் எல்லாவற்றையும் புரட்டுங்கள். தப்பியோடியவரைப் பிடிக்கக் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தையும் விடாதீர்கள். கொடுமையான காகிதம்தான், ஆனால் அவர் பெயரும், தெரிந்த தொழிலும், உடம்பின் தழும்பும் அதில்தான் கிடைக்கும்.

3. குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவருவதை வதந்தி என்று ஒதுக்காதீர்கள். மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் மேடிசன், தம் தந்தை ஜெஃபர்சன்தான் என்று 1873-இலேயே ஓஹையோ பத்திரிகை ஒன்றில் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலர் நம்பவில்லை. 1998-இல் மேடிசனின் தம்பி எஸ்டன் வழிவந்த ஒருவரின் மரபணு ஜெஃபர்சன் குடும்ப ஆண்வழியோடு பொருந்தியது. பெரும்பாலும் தாமஸ் ஜெஃபர்சனே தந்தை என்று மாளிகையை நடத்தும் அறக்கட்டளை 2000-இல் ஏற்றது. வழித்தோன்றல்களின் நினைவுகளை அது பதியத் தொடங்கியதே 1993-இல்தான். அதற்குள் எத்தனை பாட்டிமார் கேட்பாரில்லாமல் போய்ச் சேர்ந்தார்களோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

4. தோண்டும் முன் உரியவர்களைக் கேளுங்கள். 1991-இல் கீழ் மன்ஹாட்டனில் அரசு அலுவலகம் கட்டத் தோண்டியபோது பழைய ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டது. கறுப்பின மக்கள் போராடிய பிறகே வேலை நின்றது. 400-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் 2003-இல்தான் மீண்டும் மண்ணுக்குப் போயின.

5. இடிக்கப்போகும் கட்டடத்தில் ஒருமுறை விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் அடைபட்ட சீனர்கள் மரச்சுவர்களில் செதுக்கிய கவிதைகள் 1970-இல் அப்படித்தான் ஒரு பூங்காக் காவலர் கண்ணில் பட்டன.

6. பேட்டி எடுத்தால், ஒலிப்பதிவின் பிரதியை முதலில் அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். காப்பகப் பெட்டிக்கு அடுத்தது போகட்டும்.