மோட்டார்ச் சைக்கிளில் மின்பழுது காணல்

மோட்டார்ச் சைக்கிளின் பொறிப்பழுதுகள் பெரும்பாலும் தம்மைத் தாமே வெளிப்படுத்துவன. சங்கிலி தளர்ந்தால் ஓசை கேட்கும். எண்ணெய் கசிந்தால் தரையிற் கறை படியும். மின்பழுதோ அத்தகையதன்று. கம்பியினுள்ளே நிகழ்வதைக் கண் காணாதாகையால், அறிவிருக்க வேண்டிய இடத்தில் ஊகம் வந்து அமர்ந்துகொள்கின்றது. முதலிற் பற்றரியை மாற்றுவோம், தீராவிடின் மற்றொன்றை மாற்றுவோம் என்று பொருளை இழப்பவர் பலர். இவ்விழப்பைத் தவிர்ப்பதற்கு, ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்டதும், நாமெல்லாம் கல்லூரி ஆய்வுகூடத்திற் பயின்றதுமான விதியும், ஒரு சிறு பல்மானியும் பெரும்பாலும் போதுமானவை.

அண்மையில் நாம் ஆராய்ந்த வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டார்ட்டர் சில நாட்களில் நன்கு சுழலும். சில நாட்களில் 'டிக்' என்னும் ஒலியுடன் நின்றுவிடும். இரவிலே முன்விளக்கு மங்குவதால், தெருவிளக்கில்லாத வீதியில் உடையவர் பலமுறை வண்டியை உருட்டிச் செல்ல நேர்ந்தது. ஓராண்டினுள் அவர் இரண்டு பற்றரிகளை மாற்றியிருந்தார். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் குறை நீங்கியிருந்தமையால், வாங்கிய பற்றரிகளே தரங்குறைந்தவை என அவர் முடிவுசெய்திருந்தார்.

பற்றரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தோம்: 12.6 வோல்ற்று. ஓய்விலிருக்கும் நல்ல ஈய அமிலப் பற்றரிக்கு இது உரிய அளவே. ஆயின் ஓய்விலெடுத்த அளவை நம்பிவிடுதல் ஆகாது. எனவே ஸ்டார்ட்டர்ப் பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் அளந்தோம். அழுத்தம் 11.4க்கு இறங்கியதேயன்றி அதற்கப்பாற் செல்லவில்லை. 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்திருப்பின் பற்றரியை ஐயுறலாம். ஈண்டு அது குற்றமற்றது. பின்னர் மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் உலோக உடலிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினோம். சுழியை அண்டி நிற்கவேண்டிய மானி 3 வோல்ற்றைக் காட்டிற்று.

குறையின் இருப்பிடம் அங்கேயே வெளிப்பட்டது. மின்னோட்டத்துக்குப் போகும் வழியும் வேண்டும், திரும்பும் வழியும் வேண்டும். வண்டியின் சட்டமே திரும்பும் வழியாதலால் அதனை எவரும் ஒரு கம்பியாக எண்ணுவதில்லை. எதிர்முனைக் கம்பி சட்டத்தோடு பூட்டப்பட்ட ஆணியின் கீழே வர்ணமுந் துருவும் படிந்திருந்தன. அரத்தாளினால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, ஆணியை இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் பூசினோம். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ற்றே காணப்பட்டது. புதிய பற்றரி பூட்டப்படும்போதெல்லாம் அவ்வாணி அசைக்கப்பட்டுத் துருச் சற்றே உராய்ந்து விலகியது. அதனாலேயே சில வாரங்கள் குறை மறைந்தது. செய்யாத வைத்தியத்துக்குப் பற்றரி புகழ்பெற்றது!

இத்தகைய இணைப்பொன்று செய்யுந் தீங்கைக் கணக்கிட்டே பார்க்கலாம். 12 வோல்ற்றில் 36 உவாற்று விளக்கு 3 அம்பியரை எடுக்கும். அதன் தடை 4 ஓம். வழியில் துருவினால் 1 ஓம் சேருமாயின் ஓட்டம் 2.4 அம்பியராகக் குறையும். விளக்குக்குக் கிடைப்பது 9.6 வோல்ற்றே. ஒளியோ ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். விளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பியின் நுனியில் அளப்போர்க்கு அதே இடத்தில் 12 வோல்ற்றுத் தோன்றும்! பல்மானி எடுக்கும் ஓட்டம் மிகச் சிறிதாதலால், மயிரளவான ஓரிழை எஞ்சியிருப்பினும் அது முழு அழுத்தத்தையுங் காட்டும். ஆதலின் சுமை இயங்கும்போதே அளத்தல் வேண்டும்.

பியூஸ் எனப்படும் உருகி அடிக்கடி எரிந்தால், அதன் இடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் செருகுவோரைக் கண்டிருக்கின்றோம். அப்பொழுது உருகுவது பெற்றோல் தாங்கியின் கீழுள்ள கம்பித்தொகுதியே. எரிந்த உருகியின் இரு முனைகளுக்கிடையே 21 உவாற்று விளக்கொன்றை இணைத்து, சுமைகளையெல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தால், குறுஞ்சுற்று உள்ளவரை அது முழு ஒளியுடன் எரியும். கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகையில் எக்கிளையைக் கழற்றியதும் விளக்கு அணைகின்றதோ அங்கே குறையைத் தேடுக. கைபிடியையும் இருபுறமுந் திருப்பிப் பார்த்தல் நன்று. வண்டி திரும்புந்தோறும் கம்பிகள் கழுத்தருகே மடிந்து உராய்வதனால் அங்கே உறை தேய்வது வழக்கம்.

மின்னேற்றம் நிகழ்கின்றதா என அறிய, எஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 சுற்றில் ஓடவிட்டுப் பற்றரி முனைகளில் அளக்கவேண்டும். 13.5 முதல் 14.5 வரை இருப்பின் நன்று. 15ஐத் தாண்டின் சீராக்கி பழுதடைந்துள்ளது. பற்றரி கொதித்து அழியும். அளவு உயராவிடின், பல ஜப்பானிய வண்டிகளிற் காணப்படும் மூன்று மஞ்சட் கம்பிகளை அவற்றின் இணைப்பிலே கழற்றி, இரண்டிரண்டாக ஆடலோட்ட அழுத்தத்தை அளக்குக. மூன்று அளவுகளும் ஒத்திருத்தல் வேண்டும். மூன்றிலெதுவும் சட்டத்தோடு தொடர்புறலாகாது. அளக்குமுன் இணைப்பியையே உற்றுநோக்குதல் நன்று. அது கருகியிருப்பதை நாம் பலமுறை கண்டுள்ளோம்.

பழைய வண்டிகளைப் பேணும் அன்பர்க்கு ஒரு சொல். 1950களிற் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ., டிரையம்ப் முதலிய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்தது. அளவும் 6 வோல்ற்றே. அதனை அறியாது பற்றரியை மாறிப் பூட்டினால் சீராக்கி அக்கணமே கெடும். மின்னணு எரிபொருட் செலுத்தியுள்ள இக்கால வண்டிகளிலோ, எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றலாகாது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கம்பிகளை விளக்கினாற் சோதித்தலும் ஆகாது, பல்மானியே தகும்.

மேற்கூறிய அன்பர் கழற்றி வைத்திருந்த பழைய பற்றரிகள் இரண்டையும் பின்னர் மின்னேற்றிப் பார்த்தோம். ஒன்று செவ்வையாகவே இருந்தது. மற்றையது மின்னிறங்கிய நிலையில் நெடுநாட் கிடந்தமையால் தகடுகளில் வெண்படிவேறி, எவ்வளவு ஏற்றியும் தேறவில்லை.