கிணற்று நீரும் மரத்தூளும்



செம்பனைக்கு உரம் போட்ட மறுநாளே பெருமழை கொட்டினால், "உரமெல்லாம் வீணாப் போச்சே" என்போம். போன உரம் எங்கே போகிறது? அதைத்தான் இம்மாதம் பார்க்கப்போகிறோம்.

யூரியா மண்ணில் விழுந்ததும் அங்குள்ள நுண்கிருமிகள் அதைப் படிப்படியாக நைட்ரேட் என்னும் உப்பாக மாற்றிவிடுகின்றன. இது மண்ணில் ஒட்டாது. மழைநீரோடு வடிகாலுக்கு ஓடும். மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் போகும். கிணற்றருகே கக்கூஸ் குழியோ மாட்டுக் கொட்டகையோ இருந்தாலும் இதே கதைதான். இதற்கு நிறமில்லை, வாடையுமில்லை.

பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆபத்து, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத்தான். இந்த நீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால், பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி இரத்தத்தில் குறைந்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாக்டர் காம்லி இதைக் கண்டு எழுதினார். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெங்காயமும் புகையிலையும் விளையும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியவை.

"காய்ச்சிக் குடுத்தா சரியாப் போயிடுமே ஐயா?" என்பீர்கள். ஆகாது! காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

வடிகால் நீரைச் சுத்தப்படுத்த ஒரு வழி உண்டு: மரத்தூள். 1996-இல் நியூசிலாந்துப் பண்ணை ஒன்றில், நிலத்தடி நீர் போகும் வழிக்குக் குறுக்கே குழி வெட்டி, மரத்தூளை மண்ணோடு கலந்து நிரப்பினார்கள். நீரில் அமிழ்ந்த இடத்தில் காற்று இராது. அங்கே வாழும் நுண்கிருமிகள் மரத்தைத் தின்று, மூச்சுக்கு நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மிச்சம் நைட்ரஜன் வாயுவாகி ஆகாயத்தில் கலக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதானே! 14 ஆண்டு கழித்தும் அந்த மரத்தூள் வேலை செய்தது. அயோவாவிலும் வயல் வடிகாலின் கடைசியில் மரச்சில்லுக் குழிகள் அமைக்கிறார்கள்.

பழைய பால்மரம் வெட்டும் தோட்டத்தில் மரத்துக்கா பஞ்சம்? மெர்போக் ஆற்றுப் பக்கம் போகும் வடிகாலில் இப்படி ஒரு குழி போட்டுப் பார்க்கலாமா என்று, கிளைக் கூட்டத்தில் பேசி நிர்வாகத்திடம் கேளுங்கள். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய பலகையின் தூள் வேண்டாம். குழியிலிருந்து வரும் நீர் குடிப்பதற்கும் அல்ல.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை:

1. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே மேல். பால்மாவு என்றால், காய்ச்சிய குழாய் நீரில் மட்டுமே கலக்குங்கள்.

2. குழாயில் நீர் நின்றால் கிணற்றுக்குப் போகிறவர்கள், அந்த நீரைச் சோதிக்கும்படி சுகாதார இலாகாவிடம் கேளுங்கள்.

3. உரச் சாக்கைக் கிணற்றடியில் அலசாதீர்கள்.

4. குழந்தையின் உதடு நீலமானால் மந்திரிக்கக் கொண்டுபோகாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதற்கு ஊசிமருந்து உண்டு.

மண்ணுக்குப் போட்ட உரம் மழலையின் வாய்க்குப் போகக்கூடாது. மறவாதீர்கள்!