தீயை அடக்கினால் சூடு கூடாது

நோர்வேயின் நகரங்களிலும், வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலை ஊர்களிலும் குடியேறிய நம்மவர்கள், ஊர் அடுப்படிப் பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். திறந்த மண் அடுப்புக்கு அவை பொருந்தின. வரவேற்பறையில் நிற்கும் மூடிய இரும்பு அடுப்புக்கு அவற்றில் பல பொருந்தா. சில உயிருக்கே ஆபத்தானவை.

நம்பிக்கை: அடியில் கொளுத்தினால்தான் தீ பிடிக்கும்.

உண்மை: ஊரில் பன்னாடையையும் பொச்சுமட்டையையும் அடியில் வைத்து மூட்டினோம். இங்கே தடித்த விறகைக் கீழே அடுக்கி, சிறாய்களை மேலே வைத்து, உச்சியில் கொளுத்த வேண்டும். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சூடேறியதும் வாயுவாகக் கிளம்பிவிடும். மேலே சுவாலை இருந்தால் அந்த வாயு அதில் எரிந்து சூடாகும். இல்லாவிட்டால் புகையாக வீணாகும்.

நம்பிக்கை: படுக்கப் போகும்போது அடுப்பு நிறைய விறகு போட்டு, காற்று வழியை அடைத்துவிட்டால் விடியும்வரை சூடு நிற்கும்.

உண்மை: நம் வீடுகளில் அதிகம் நடப்பதும், மிக மோசமானதும் இதுதான். காற்று போதாத விறகு எரிவதில்லை, புகைகிறது. அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் தாராகப் படிகிறது. பல இரவுகள் படிந்த தார், ஒருநாள் நன்றாகத் தீ மூட்டும்போது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும். அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் அது சட்டென்று ஆவியாகிப் புகைபோக்கியை வெடிக்கச் செய்யலாம். அடுப்பின் கதவையும் காற்று வழியையும் மூடி, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள். விறகை அளவாகப் போட்டு, தாராளமாகக் காற்று விட்டு, சுவாலையோடு எரியவிடுவதே சிக்கனம். சூடு குறைய வேண்டுமானால் விறகைக் குறையுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள்.

நம்பிக்கை: புகை மணக்காவிட்டால் பயமில்லை.

உண்மை: காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சுவாலை அடங்கிய தணலிலிருந்தும் அது வரும். சாதாரண புகை எச்சரிக்கைக் கருவி அதை உணராது. தனிக் கருவி வேண்டும். தணல் முற்றாக அவியும்வரை புகைபோக்கித் தகட்டை மூடாதீர்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தாளிக்கும்போது நாம் போடும் சமையலறைப் புகை உறிஞ்சி, காற்றுப் புகாத வீட்டில், அடுப்புப் புகையையும் உள்ளே இழுத்துவிடும். அடுப்பு எரியும்போது யன்னலைச் சற்றே திறந்து வையுங்கள்.

நம்பிக்கை: பேர்ச் மரம்தான் விறகு, ஊசியிலை மரம் புகைபோக்கியைக் கெடுக்கும்.

உண்மை: கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும். பேர்ச் அடர்த்தியானது, அதனால் ஒரு சாக்கில் கூடுதல் எடை இருக்கும், அவ்வளவே வித்தியாசம். புகைபோக்கியைக் கெடுப்பது ஈரம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே பெரும் சூடு செலவாகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட அடுக்குங்கள். முழுதாகத் தார்ப்பாய் சுற்றினால் உள்ளே விறகு பூஞ்சணம் பிடிக்கும்.

நம்பிக்கை: காலையில் சாம்பல் ஆறியிருக்கும், பையில் கட்டி எறியலாம்.

உண்மை: சாம்பலுக்குள் புதைந்த தணல் சில நாட்கள்கூட உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி வெளியே வையுங்கள்.

நம்பிக்கை: பழைய இரும்பு அடுப்புத்தான் உறுதி, மாற்றத் தேவையில்லை.

உண்மை: 1998 முதல் நோர்வேயில் புதிதாக வைக்கும் அடுப்புகள் புகையின் வாயுக்களையும் எரிக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. பேர்கன் நகரில் 2021 முதல் பழைய வகை அடுப்பை எரிக்கவே தடை.

உறவுகளே, முதல் பனி விழுமுன் மூன்று காரியம் செய்யுங்கள்: நகராட்சியின் புகைபோக்கித் துப்புரவாளரிடம் உங்கள் அடுப்பைக் காட்டி ஆலோசனை கேளுங்கள், காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள், காய்ந்த விறகைச் சேர்த்து வையுங்கள். பிள்ளைகள் உறங்கும் வீட்டில் இம்மூன்றில் ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.