சட்டமன்ற வேட்பாளர்: தகுதிகளும் வேட்பு மனு விதிகளும்

மக்களாட்சியில் குடிமக்களுக்குச் சட்டம் இரண்டு உரிமைகளை அளிக்கிறது. ஒன்று, தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. மற்றொன்று, தாமே பிரதிநிதியாக விரும்பி மக்கள் முன் நிற்கும் உரிமை. முதலாவது உரிமையைப் பற்றித் தேர்தல்தோறும் விரிவாக எடுத்துரைக்கப்படுகிறது. இரண்டாவது உரிமையைப் பயன்படுத்தும் முறையோ, கட்சி அலுவலகங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அப்பால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. மாநிலச் சட்டமன்றத்திற்குப் போட்டியிட விரும்புவோரிடம் சட்டம் எதிர்பார்க்கும் தகுதிகள் மிகச் சிலவே. ஆனால் அத்தகுதிகளை மெய்ப்பிக்கும் ஆவணங்களைக் குறித்த நாளில், குறித்த நேரத்திற்குள், குறித்த முறையில் அளிக்க வேண்டும். அதில் தவறினால், தகுதியுள்ளவரும் களத்திற்கு வெளியே நிற்க நேரிடும்.

தகுதிகள்

அரசியலமைப்பின் 173 ஆவது பிரிவின்படி, சட்டமன்ற வேட்பாளர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். 25 வயது நிறைந்திருத்தல் வேண்டும். அரசியலமைப்பின்பால் பற்றுறுதி கொள்வதாக உறுதிமொழி ஏற்றிருத்தல் வேண்டும். உறுதிமொழி பற்றிய விதி 1963 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. வாக்களிக்கும் வயது 1989 ஆம் ஆண்டு 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டபோதும், போட்டியிடுவதற்கான வயது மாறவில்லை. 25 வயது என்பது வேட்பு மனுக்கள் பரிசீலிக்கப்படும் நாளன்று நிறைந்திருக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளுக்குள் வயது நிறைவது போதாது.

1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மேலும் ஒரு தகுதியைக் கூறுகிறது. வேட்பாளர் அம்மாநிலத்தின் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். போட்டியிடும் தொகுதியிலேயே வாக்காளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியல் சாதியினருக்கோ பட்டியல் பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்பவர், அம்மாநிலத்திற்குரிய பட்டியலில் இடம்பெற்ற சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். அவர்கள் பொதுத் தொகுதிகளிலும் போட்டியிடலாம்.

கல்வி, சொத்து, வரி செலுத்துதல் ஆகிய எதுவும் தகுதியாக விதிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சில தகுதிகள் வகுக்கப்பட்டிருக்கலாம் என்று 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு நிர்ணய சபையின் நிறைவுரையில் டாக்டர் இராஜேந்திர பிரசாத் தம் வருத்தத்தை வெளியிட்டார். எனினும் எழுதப் படிக்கத் தெரியாதோர் பெருந்தொகையினராக இருந்த நாட்டில், கல்வியைத் தகுதியாக்கினால் அவர்களுள் எவரும் ஆட்சி மன்றத்தில் அமர இயலாது போயிருக்கும். பிற்காலத்தில் அரியானா மாநிலம் ஊராட்சித் தேர்தல்களுக்குக் கல்வித் தகுதியை விதித்தது; உச்சநீதிமன்றம் 2015 ஆம் ஆண்டு அதனை ஏற்றது. ஆனால் சட்டமன்றத் தேர்தலுக்கு அத்தகைய விதி ஏதும் இல்லை.

தகுதியின்மைகள்

தகுதிகள் இருப்பதோடு, தகுதியின்மைகள் இல்லாமலும் இருக்க வேண்டும். 191 ஆவது பிரிவின்படி, மத்திய அரசின் கீழோ மாநில அரசின் கீழோ ஆதாயம் தரும் பதவி வகிப்பவர், மனநலம் குன்றியவரென உரிய நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவர், கடன் தீர்வு பெறாத நொடிப்பு நிலையினர், வெளிநாட்டுக் குடியுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்றவர் ஆகியோர் போட்டியிட இயலாது. எனினும் குறிப்பிட்ட சில பதவிகளைத் தகுதியின்மையிலிருந்து விலக்கி மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம்.

குற்றத் தீர்ப்பினால் வரும் தகுதியின்மையை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8 ஆவது பிரிவு விளக்குகிறது. பொதுவாக, ஏதேனும் ஒரு குற்றத்திற்காக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், தீர்ப்பு நாள் முதல் தகுதியிழக்கிறார். விடுதலையான பின்னும் ஆறு ஆண்டுகள் அந்நிலை தொடரும். பதுக்கல், உணவுக் கலப்படம், வரதட்சணை தடைச் சட்டக் குற்றங்கள் போன்றவற்றிற்கு ஆறு மாதத் தண்டனையே போதுமானது. மேல்முறையீட்டில் தண்டனை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டால் தகுதி மீளாது. குற்றவாளி என்னும் தீர்ப்பே நிறுத்திவைக்கப்பட வேண்டும். பதவியிலுள்ள உறுப்பினர்களுக்கு மட்டும் இருந்துவந்த பாதுகாப்பை உச்சநீதிமன்றம் 2013 சூலை 10 அன்று நீக்கியது. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே தடையாகாது. விசாரணைக் கைதியாகச் சிறையிலிருப்பவர் வாக்களிக்க இயலாது, ஆனால் போட்டியிடலாம்.

சிறு தொழில் செய்வோர் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசுப் பணியை நிறைவேற்றவோ செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை ஒப்பந்ததாரர் தகுதியற்றவராவார். அவர் தம் பணியை முழுவதும் முடித்துவிட்டு, அரசு தர வேண்டிய தொகை மட்டும் நிலுவையில் இருந்தால் அது தகுதியின்மை ஆகாது. முந்தைய தேர்தலின் செலவுக் கணக்கை உரிய காரணமின்றி ஒப்படைக்கத் தவறியவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதியற்றவராக அறிவிக்கலாம்.

மனுத் தாக்கல்

தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஏழாவது நாள் வேட்பு மனு தாக்கல் செய்யக் கடைசி நாள். அதற்கு அடுத்த நாள் பரிசீலனை. பரிசீலனைக்குப் பின் இரண்டாவது நாள் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். அதன் பின் குறைந்தது பதினான்கு நாட்கள் கழித்தே வாக்குப்பதிவு நடைபெறும். எடுத்துக்காட்டாக, 1 ஆம் தேதி அறிவிக்கை வெளியானால் 8 ஆம் தேதி வரை மனு தரலாம். 9 ஆம் தேதி பரிசீலனை. 11 ஆம் தேதி வரை விலகலாம். 25 ஆம் தேதிக்கு முன் வாக்குப்பதிவு இல்லை. கடைசி நாள் பொது விடுமுறையாயின் அடுத்த வேலை நாள் கணக்கிடப்படும்.

மனுவை வேட்பாளரோ அவரை முன்மொழிபவரோ தேர்தல் நடத்தும் அதிகாரியிடமோ, அறிவிப்பில் குறிப்பிட்ட உதவித் தேர்தல் அதிகாரியிடமோ காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே நேரில் அளிக்க வேண்டும். அஞ்சலில் அனுப்புதல் செல்லாது. சட்டமன்றத் தேர்தலுக்குரியது 2பி படிவம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரைத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சை வேட்பாளருக்கும், அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளருக்கும் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். எழுதத் தெரியாதவரும் முன்மொழியலாம். ஆனால் அவர் தம் கைரேகையைத் தேர்தல் நடத்தும் அதிகாரியின் முன்னிலையிலோ, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரின் முன்னிலையிலோ இட வேண்டும். வீட்டிலிருந்தே கைரேகை இட்டுக் கொடுத்தனுப்பிய மனுக்கள் இவ்விடத்தில்தான் தடுமாறுகின்றன.

வேறு தொகுதியின் வாக்காளராயின், அத்தொகுதி வாக்காளர் பட்டியலின் உரிய பகுதியின் சான்றிட்ட நகலை மனுவுடனோ பரிசீலனையின்போதோ காட்ட வேண்டும். கட்சி வேட்பாளர் எனில், கட்சியின் அதிகாரம் பெற்றவர் மையால் கையொப்பமிட்ட ‘ஏ’, ‘பி’ படிவங்கள் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வந்து சேர வேண்டும். ஒருவர் ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள் வரை அளிக்கலாம். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றொன்று காக்கும் என்பதே இதன் நோக்கம். ஆனால் ஒரு பொதுத் தேர்தலில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிட இயலாது.

காப்புத் தொகை

மனுவுடன் ரூ. 10,000 காப்புத் தொகை செலுத்த வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் இது ரூ. 5,000, பொதுத் தொகுதியில் நின்றாலும் இச்சலுகை உண்டு. தொகையை ரொக்கமாகவோ கருவூலச் செலுத்துச் சீட்டு மூலமாகவோ கட்டலாம், காசோலை ஏற்கப்படாது. ஒரே தொகுதிக்குப் பல மனுக்கள் அளித்தாலும் ஒருமுறை கட்டினால் போதும். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாமல் தோல்வியுறும் வேட்பாளர் இத்தொகையை இழப்பார்.

இத்தொகை 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரூ. 250 ஆக இருந்து, நெடுங்காலம் அவ்வாறே நீடித்தது. 1996 ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் களத்தில் இருந்தனர். தம் குறைகளை நாட்டுக்கு உணர்த்த உழவர்கள் மேற்கொண்ட வழி அது. அங்கு வாக்குச்சீட்டைப் புத்தக வடிவில் அச்சிட நேர்ந்தது. அதே ஆண்டு காப்புத் தொகை ரூ. 5,000 ஆக உயர்த்தப்பட்டது. பத்து முன்மொழிபவர்கள், இரண்டு தொகுதி வரம்பு ஆகிய விதிகளும் அப்போதே வந்தன. இப்போதுள்ள தொகை 2010 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகை மிகக் குறைந்தால் வாக்குச்சீட்டு நீளும். மிக உயர்ந்தால் ஏழையின் வாய்ப்புக் குறுகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவே சட்டம் நாடுவது.

பிரமாணப் பத்திரம்

வாக்காளருக்கு வேட்பாளரின் பின்னணியை அறியும் உரிமை உண்டு என உச்சநீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அவ்வுரிமையைக் குறுக்க முயன்ற சட்டப்பிரிவை 2003 ஆம் ஆண்டு செல்லாதென அறிவித்தது. அதன் விளைவே 26 ஆம் எண் படிவத்தில் அளிக்கும் பிரமாணப் பத்திரம். நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள், பெற்ற தண்டனைகள், வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்துகளும் கடன்களும், வருமான விவரம், அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலுவைகள், கல்வி, தொழில் ஆகியவற்றை அதில் கூற வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர், பிரமாண ஆணையர் அல்லது நோட்டரி வழக்கறிஞர் முன் அது உறுதி செய்யப்பட வேண்டும்.

எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடலாகாது. கூறத்தக்கது ஏதும் இல்லையெனில் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும். வெற்றிடம் இருப்பதை அதிகாரி சுட்டிக்காட்டிய பின்னும் நிரப்பாவிடில் மனுவை நிராகரிக்கலாம் என 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

உறுதிமொழி ஏற்றலில் பலர் தவறுவதுண்டு. மனு அளித்த பின்னர், பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் அதனை ஏற்க வேண்டும். மனு அளித்தவுடனே தேர்தல் நடத்தும் அதிகாரி முன் ஏற்றுக்கொள்வது நன்று. சிறையிலிருப்போர் சிறைக் கண்காணிப்பாளர் முன்னும், மருத்துவமனையில் இருப்போர் அதன் மருத்துவக் கண்காணிப்பாளர் முன்னும் ஏற்கலாம். தேர்தல் செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்றை மனு அளிப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவேனும் தொடங்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல்.

பரிசீலனையும் அதன் எல்லையும்

பரிசீலனையில் வேட்பாளர், அவருடைய தேர்தல் முகவர், முன்மொழிந்தவர் ஒருவர், எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற மற்றொருவர் ஆகியோர் கலந்துகொள்ளலாம். தகுதியின்மை, 33, 34 ஆவது பிரிவுகளைப் பின்பற்றாமை, கையொப்பம் உண்மையற்றதாக இருத்தல் முதலிய காரணங்களுக்காக மனு நிராகரிக்கப்படலாம். ஆனால் முதன்மைத் தன்மையற்ற எந்தக் குறைக்காகவும் மனுவை நிராகரிக்கலாகாது என்று 36 ஆவது பிரிவு ஆணையிடுகிறது. பெயரிலோ பட்டியல் எண்ணிலோ நேரும் எழுத்துப் பிழையைத் திருத்த அனுமதிப்பது அதிகாரியின் கடமை. ஆட்சேபம் எழுந்தால் அதனை மறுக்க வேட்பாளர் அவகாசம் கேட்கலாம்; பரிசீலனை நாளுக்கு அடுத்ததற்கு அடுத்த நாள் வரை அது தரப்படலாம். நிராகரிப்பதாயின் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

அவ்வாறு நிராகரிக்கப்பட்டவர் உடனே நீதிமன்றத்தை நாட இயலுமா? இவ்வினா முதற் பொதுத் தேர்தலிலேயே எழுந்தது. அன்றைய சென்னை மாநிலத்தின் நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் தலையிட 329 ஆவது பிரிவு இடந்தரவில்லை என 1952 சனவரி 21 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிவு அறிவிக்கப்பட்ட பின், 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு தொடுப்பதே இன்றும் உள்ள வழி.

அத்தேர்தல் மனுவில் சட்டம் காட்டும் வேறுபாடு ஆழ்ந்து கருதத்தக்கது. தகுதியற்ற ஒருவரின் மனு தவறாக ஏற்கப்பட்டிருந்தால், அதனால் தேர்தல் முடிவு பாதிக்கப்பட்டது என்று மெய்ப்பித்தால்தான் தேர்தல் செல்லாததாகும். ஆனால் ஒரே ஒருவரின் மனு தவறாக நிராகரிக்கப்பட்டிருந்தாலும், வென்றவர் எத்தனை ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருப்பினும், தேர்தல் முழுவதுமே செல்லாது. நிராகரிக்கப்பட்டவருக்கு எத்தனை வாக்குகள் கிடைத்திருக்கும் என்று எவராலும் கணிக்க இயலாது. அவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே வாக்காளரிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. ஆதலால் அந்த இழப்பைச் சட்டம் அளந்து பார்ப்பதில்லை.

ஆயினும் தேர்தல் மனுவின் தீர்ப்பு வருவதற்குள் மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள், கடந்துவிடும். கட்சிகளுக்குச் சட்ட வல்லுநர்கள் உண்டு; சிற்றூரிலிருந்து தனித்து வரும் வேட்பாளருக்கோ கையிலுள்ள படிவமே துணை. அவர் கடைசி நாள்வரை காத்திராமல் முன்னதாகவே மனு அளித்தல், ஒன்றுக்கு மேற்பட்ட மனுக்களைத் தருதல், பத்துப் பேரின் பட்டியல் எண்களையும் சரிபார்த்தல், பரிசீலனைக்கு நேரில் வருதல் ஆகியவை அவருடைய உரிமையைக் காக்கும். விடுபட்ட ஆவணத்தை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் தெரிவிக்கும் அதிகாரியும் அதே உரிமையைக் காப்பவரே. யார் தகுதியானவர் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு இறுதியில் வாக்காளருக்கு உரியது. வேட்பு மனு விதிகள் அவருக்கு முன் அந்தப் பெயரை முறையாகக் கொண்டு சேர்ப்பதற்கே அமைந்தவை.