கிளஸ்டர் மும்பையில், திரை ஆட்டையாம்பட்டியில்

சேலம், திருச்செங்கோடு பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்து சிமுலேஷன் ஓட்டத் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் வெளியே வருகிறார்கள். அதே சாஃப்ட்வேர், அதே புராஜெக்ட், அதே ரெஸ்யூமே. கிளவுடில் ஒரு கிளஸ்டரை எழுப்பி, அதன் கிராபிக்ஸ் திரையை வீட்டு லேப்டாப்பில் ஓடவைத்துக் காட்டத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவராக இருக்க வேண்டும். ஆட்டையாம்பட்டியில் இருந்துகொண்டே அது முடியும்.

1. ‘ஏன்?’ என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். “ரிசல்ட்டை டவுன்லோடு செய்து பார்க்கலாமே?” என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். கணக்கோடு சொல்லுங்கள். 40 ஜிபி ரிசல்ட்டை 50 எம்பிபிஎஸ் லைனில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ரிமோட் டெஸ்க்டாப்பில் டேட்டா அங்கேயே கிடக்கும். மாறுகிற பிக்ஸல்கள் மட்டும் உங்களிடம் வரும்.

2. ஒரு டூலைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் பிடியுங்கள். என் சிபாரிசு: கிளஸ்டரை எழுப்ப அமேசான் கிளவுடின் ஏடபிள்யூஎஸ் பேரலல்கிளஸ்டர், அதோடு திரையை இங்கே கொண்டுவர டிசிவி. டிசிவியைக் கையில் வைத்திருந்த இத்தாலிய நிறுவனமான நைஸை அமேசான் 2016-இல் வாங்கியது. நைஸ் டிசிவி என்ற பெயர் 2024-இல் அமேசான் டிசிவி ஆனது. ரெஸ்யூமேயில் இரண்டு பெயரையும் போடுங்கள், ஹெச்.ஆர். எதைத் தேடினாலும் சிக்க வேண்டும். அமேசான் சர்வரில் ஓட்டினால் டிசிவிக்குத் தனி லைசென்ஸ் கட்டணம் இல்லை. ரீஜியன் மும்பை. அமெரிக்காவில் வைத்தால் மவுஸை அசைத்துச் சற்றுப் பிறகுதான் படம் அசையும்.

3. கான்ஃபிக் ஃபைலை நீங்களே எழுதுங்கள். ஹெட் நோடுக்கு ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ் போதும். அதில் 16 ஜிபி மெமரியுள்ள என்விடியா டி4 ஜிபியு ஒன்று இருக்கிறது. ஹெட் நோடு பகுதியில் டிசிவியை எனேபிள் செய்யுங்கள். ஷெட்யூலர் ஸ்லர்ம். கம்ப்யூட் நோடுகளின் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக வையுங்கள். வேலை இல்லாதபோது அவை தானாகவே அணைந்துவிடும். கிளஸ்டர் எழுந்ததும் டிசிவி-கனெக்ட் கமாண்டைக் கொடுத்தால் ஒரு லிங்க் வரும். அது ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும், அதுவும் 30 விநாடிக்குள். பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டே கமாண்டைத் தட்டுங்கள். செர்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். சர்வர் தனக்குத் தானே கையெழுத்திட்ட செர்டிஃபிகேட் என்பதால் வருவது அது.

திரை வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ அடித்து, ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் படத்தை வரைவது சிபியு. ஜிபியு சும்மா இருக்க, வாடகை மட்டும் ஓடுகிறது. டி4 என்ற பெயர் வரும்வரை விடாதீர்கள். இந்த ஒரு வரியை இன்டர்வியூவில் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் உண்மையிலேயே செய்தவர் என்று புரிந்துவிடும்.

4. பில்லை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட் நோடு அணைந்தாலும் ஹெட் நோடு அணையாது, மணிக்கணக்கில் காசு தின்னும். அதை நிறுத்தினாலும் டிஸ்க்குக்குக் கட்டணம் தொடரும். அதனால் முதல் நாளே பட்ஜெட் அலர்ட் வையுங்கள். வேலை முடிந்ததும் ரிசல்ட்டை எஸ்3 ஸ்டோரேஜுக்கு மாற்றிவிட்டு, கிளஸ்டரை டெலிட் செய்யுங்கள். ஒரு ரன்னுக்கு எவ்வளவு ரூபாய் ஆனது என்று எழுதி வையுங்கள். செலவைத் தெரிந்து வைத்திருக்கிற ஜூனியரை மேனேஜர் மறக்க மாட்டார்.

5. டிசிவி பயன்படுத்தும் போர்ட் 8443-ஐ உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். கான்ஃபிகில் எதுவும் சொல்லாவிட்டால் அது எல்லா ஐபிக்கும் திறந்துதான் இருக்கும். உங்கள் ஐபியை மட்டும் அனுமதியுங்கள். வீட்டு பிராட்பேண்டில் ஐபி அடிக்கடி மாறும். மாறினால் திரும்பப் போடுங்கள், சலித்துக்கொள்ளாதீர்கள்.

6. நம் ஊர்ப் பிரச்சினையை புராஜெக்ட் ஆக்குங்கள். ஓப்பன்ஃபோமோடு வரும் மோட்டார்பைக் டுடோரியலை உங்களோடு போட்டியிடுபவரும் ஓட்டியிருப்பார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். ஒரு லாரியின் கேபினுக்கு மேல் காற்றுத் தடுப்பு வைத்தால் இழுவிசை எவ்வளவு குறைகிறது என்று ஓட்டிப் பாருங்கள். பாராவியூவில் காற்றோட்டக் கோடுகளைச் சுழற்றிக் காட்டி ஒன்றரை நிமிட வீடியோ எடுங்கள். லைவ் டெமோ கேட்டால் அரை மணி நேரம் முன்பே கிளஸ்டரை எழுப்பிவிடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் செஷன் மும்பையில் உயிரோடுதான் இருக்கும். திரும்ப இணைந்தால் விட்ட இடத்திலேயே மாடல் நிற்கும். அதையும் டெமோவின் ஒரு பகுதியாகவே காட்டலாம்.

7. வேலையில் சேர்ந்த பிறகு, செட்டப் முறையை இரண்டு பக்கத்துக்கு எழுதி, உங்கள் பெயரைப் போட்டு டீமுக்கு அனுப்புங்கள். அடுத்து யாருக்குத் திரை வரவில்லை என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்ரைசலில் பேச அது உதவும். ரிசர்ச் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் இது வீணாகாது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரிலும் இதே ஸ்லர்ம்தான்.

காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. புதிய ஏடபிள்யூஎஸ் கணக்கில் ஜிபியு சர்வருக்கான கோட்டா பெரும்பாலும் பூஜ்ஜியமாக இருக்கும். நான்கு விசிபியு வேண்டும் என்று காரணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். இன்றைக்கே போடுங்கள். அனுமதி வரும்வரை லேப்டாப்பிலேயே பாராவியூ சர்வரை 11111 போர்ட்டில் ஓட்டி, கிளையன்ட்டை அதோடு இணைத்துப் பழகுங்கள். இரண்டும் ஒரே வெர்ஷனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இணையாது.